தறிச் சத்தத்தில் பேசியவர்

நான் கதை சொல்லிப் பணம் வாங்கத் தொடங்கியபோது வீட்டில் எதிர்த்தது அம்மா மட்டும்தான். "உங்க நைனா வாங்கினது போதாதா?" என்று கேட்டாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அப்பா மணவூர் பக்கம் ஒரு சிறிய சபையில் உபதேசியாராக இருந்தவர். சம்பளம் பேருக்குத்தான். சபையார் மனமுவந்து கொடுப்பதை வைத்துக் குடும்பம் நடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாக்கள் கோயிலுக்கு வரும். புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ஒரே பானையில் போட்டால் பாதி குழையும், பாதி நறுக்கென்று நிற்கும். அந்தச் சோற்றில்தான் நான் வளர்ந்தேன்.

கொடுத்தவர்கள் யாரும் எதையும் திருப்பிக் கேட்டதில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு அம்மா எனக்கு வெள்ளிக் கொலுசு வாங்கிப் போட்டாள். "உபதேசியார் வூட்ல வெள்ளி போட்றாங்க" என்று ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாரோ சொன்னார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். அம்மா அன்று மதியமே அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். எனக்கு அப்போது எட்டு வயது. அந்தக் கொலுசை நான் திரும்பப் போடவில்லை.

திருத்தணியில் ஒரு தனியார் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் தமிழ் டீச்சராக வேலை பார்த்தேன். ஊரடங்கில் பள்ளி மூடியதும் முதலில் பாதிச் சம்பளம் என்றார்கள், பிறகு சம்பளமே இல்லை என்றார்கள், கடைசியில் பள்ளி திறந்தபோது என் வகுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த மாதங்களில் வீட்டில் அடைந்து கிடந்த என் மாணவர்களுக்காகப் போனில் கதை சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைவிட அவர்களுடைய அம்மாக்கள் அதிகம் கேட்டார்கள். அடுத்த கதை எப்போது என்று அவர்கள்தான் கேட்டனுப்பினார்கள். பிள்ளைகளுக்கான கதைகள் மெல்லப் பெரியவர்களுக்கான கதைகளாயின. பேருந்தில் பார்த்தவர்கள், கடைத்தெருவில் பார்த்தவர்கள், நான் படித்த பள்ளியில் மணி அடித்தவர். ஒரு கதை இருபது நிமிடம் வரும். ஒரே ஒரு படத்தை வைத்து இணையத்தில் ஏற்றிவிடுவேன்.

பதிவு செய்வது சுலபமல்ல. எங்கள் வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில். ரேணிகுண்டா போகும் வண்டி, அரக்கோணம் போகும் வண்டி, நடுவில் சரக்கு வண்டி. கிருத்திகை என்றால் மலையிலிருந்து ஒலிபெருக்கி. மதியம் இரண்டரைக்கும் மூன்றேகாலுக்கும் நடுவில்தான் தெரு சற்று அடங்கும். பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் மெத்தையை நிறுத்தி, மின்விசிறியை அணைத்துவிட்டு, வியர்க்க வியர்க்கப் பேசுவேன். என் கணவர் டயர் கடையில் வேலை செய்பவர். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தால் அந்த நேரத்தில் தட்டில் கரண்டி படாமல் சாப்பிடுவார்.

பணம் கேட்கலாம் என்ற யோசனை அவருடையதுதான். "கேக்கறவங்க கேட்டுட்டு போவட்டும். குடுக்கணும்னு தோணறவங்களுக்கு ஒரு வழி இருக்கட்டும்" என்றார். கதைக்குக் கீழே க்யூஆர் கோடு ஒன்றைப் போட்டார். பக்கத்தில், "பிடித்திருந்தால் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். இல்லையென்றாலும் கேளுங்கள்" என்று நான் எழுதினேன். அந்த இரண்டு வரியை எழுத எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று.

முதலில் வந்தது பதினொரு ரூபாய். மொய் எழுதுவதுபோல ஒரு ரூபாய் கூட்டி வைத்திருந்தார் அந்த மனிதர். "ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டேன்" என்று குறிப்பு. பதினான்கு ஆண்டுகள் சம்பளம் வாங்கியபோது வராத கூச்சமும் வராத சந்தோஷமும் அந்தப் பதினொரு ரூபாயில் வந்தன. கணவர் போனைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினார். அவள் பார்க்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஒரு வருடத்தில் வீட்டுச் செலவில் ஒரு பங்கு அதிலிருந்து வர ஆரம்பித்தது. இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். எந்தக் கதைக்கு அதிகம் வருகிறது என்று நான் கவனிக்கத் தொடங்கினேன். சிரிப்புக் கதைக்கு நல்ல வார்த்தை வரும், பணம் வராது. அழவைத்தால் வரும். யாரும் என்னிடம் இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லு என்று கேட்கவில்லை. நானாகவே அந்தப் பக்கம் சாய்ந்தேன். தராசுத் தட்டு சாயும்போது சத்தம் வருவதில்லை அல்லவா, அப்படித்தான்.

அந்த நாட்களில் சனிக்கிழமை தோறும் ஒரே இடத்திலிருந்து இருபது ரூபாய் வந்துகொண்டிருந்தது. குறிப்பில் "கதைக்கு" என்று மட்டும் இருக்கும். சில மாதம் கழித்து அங்கிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

"டீச்சர், நான் தறிகாரிங்க. ஆர்.கே.பேட்டைக்கு இந்தாண்ட எங்க ஊரு. தறி ஓடும்போது ஒண்ணும் கேக்காது. நாடாவுக்கு நூலு சுத்துவோமே, அந்தத் தார் சுத்தும்போதுதான் உங்க கதைய கேப்பேன். சனிக்கெழம கூலி வாங்கினதும் உங்களுக்கு அனுப்பிட்டுதான் கறிக்கடைக்கே போவேன்."

நான் நன்றி சொல்லிப் பதில் அனுப்பினேன். அதன் பிறகு அவர் அடிக்கடி பேசி அனுப்புவார். என்னைவிடப் பத்து வயது பெரியவர் என்று தெரிந்ததும் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். வீட்டில் பேசுவது தெலுங்கு, வெளியில் தமிழ். ஷெட்டில் ஆறு விசைத்தறி, ஓட்டுவது அவரும் அவர் கணவரும். ஒரே மகள், நகரியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. ஒருநாள் மின்சாரம் நின்றிருந்த நேரத்தில், ஏழெட்டு நிமிடம் ஓடும் நீண்ட பதிவு ஒன்றை அனுப்பினார்.

"எங்க வூட்டுக்காரருக்கு தறி சத்தத்துல காது போயி ரொம்ப வருசம் ஆச்சி டீச்சர். ஷெட்ல ஒருத்தருக்கு ஒருத்தர் கையாலதான் ஜாடை காட்டிக்குவோம். ஆனா அவரு தறி ஓட்டிகினே பேசிகினு இருப்பாரு. யாருகிட்டயும் இல்ல, தனக்குத்தானே. அந்த சத்தத்துல யாருக்குக் கேக்கப்போவுதுன்னு. நான் எதிர் வரிசைல நிக்கறேனா, அவரு வாய் எனக்கு தெரியும். மொதல்ல ஒண்ணும் புரியல. ஒரு நாளு ஒரு வார்த்தை புரிஞ்சது. உதடு ரெண்டு வாட்டி ஒட்டி ஒட்டி பிரியுது. பாப்பா. எங்க பொண்ண சொல்றாரு. அதுக்கப்பறம் தெனம் பாத்து பாத்து ஒண்ணொண்ணா புரிஞ்சிகினேன்."

மகள் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். மேலே படிக்க வேண்டும் என்றாள். தார் சுற்ற ஆள் இல்லை என்று அவள் அப்பா படிப்பை நிறுத்திவிட்டார். பத்தொன்பது வயதில் கல்யாணம். போன இடத்திலும் அவளுக்குத் தறிதான். அதைப் பற்றி வீட்டில் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

"ஷெட்ல சொல்றாரு டீச்சர். படிக்க வெச்சிருக்கலாம் பாப்பா, தப்பு பண்ணிட்டேன் பாப்பான்னு. எட்டு வருசமா பாத்துகினு கீறேன். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. உங்ககிட்டதான் சொல்றேன்."

அந்தப் பதிவை நான் மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்கும்போது கையில் பேனா இருந்தது.

ஊரை மாற்றினேன். ஆறு தறியை நான்காக்கினேன். பெயர் முதலிலேயே இல்லை. இவ்வளவு செய்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உதடு இரண்டு முறை ஒட்டிப் பிரிவதை மாற்றவில்லை. அதுதான் கதையின் உயிர் என்று எனக்குத் தெரியும். முடிவு மட்டும் என்னிடம் இல்லை, அதனால் நானே ஒன்று செய்தேன். மனைவி ஒருநாள் எல்லாத் தறியையும் நிறுத்துகிறாள். திடீரென்று விழுந்த அமைதியில், "எனக்குத் தெரியும்" என்கிறாள். அவர் அழுகிறார். அங்கே நிறுத்தினேன். பதிவு செய்யும்போது என் குரலே தழுதழுத்தது. அதை வெட்டாமல் விட்டேன்.

நான் சொன்ன கதைகளில் அவ்வளவு தூரம் போனது வேறு எதுவும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து, துபாயிலிருந்து, எங்கெங்கோ இருந்து எழுதினார்கள். அப்பாவுக்குப் போன் செய்தேன் என்று பலர் எழுதினார்கள். பணமும் வந்தது. போன் மேசைமேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. நல்ல மைக் ஒன்று வாங்கலாம் என்று கணவர் விலை விசாரித்து வந்தார். அக்காவிடமிருந்து மட்டும் எதுவும் இல்லை. அந்தச் சனிக்கிழமை இருபது ரூபாய் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. நான் அனுப்பிய செய்தியை அவர் பார்த்ததாகக் காட்டியது, பதில் இல்லை.

நான்காவது வாரம் ஆர்.கே.பேட்டை பேருந்தில் ஏறினேன். கே.ஜி.கண்டிகையில் கூட்டம் இறங்கி உட்கார இடம் கிடைத்தது. உடம்பு சரியில்லாமல் இருக்கும், அதுதான், என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். உடம்பு சரியில்லாமல் இருந்தால் நல்லது என்று நான் நினைத்ததாகவும் சொல்லலாம்.

அக்காவின் ஊர் நிறுத்தத்தில் இறங்கிப் பெயரைச் சொல்லிக் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். தெருமுனையிலேயே தறிச் சத்தம். ஷெட் வாசலில் நின்றபோது காதுக்குள் எதையோ திணித்தாற்போல இருந்தது. இரண்டு வரிசையாகத் தறிகள், லுங்கித் துணி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வரிசையில் நரைத்த தலையோடு உயரமான ஒருவர். மூக்கையும் வாயையும் மூடி, பின்னால் முடிச்சுப்போட்டுத் துண்டு கட்டியிருந்தார். எதிர் வரிசையில் ஒரு பெண். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் தன் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு வந்தார். குரல் வழியாக மட்டுமே தெரிந்தவரை முதன்முதலாகப் பார்க்கிறேன். மெலிந்த உடம்பு, முடியெல்லாம் ஒட்டிய நூல் பஞ்சு.

"டீச்சர்தான?"

"ஆமாங்கக்கா."

பின்பக்கம் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். சத்தம் பாதியாகக் குறைந்தது. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அவர் உட்காரவில்லை.

"நாலு வாரமா ஒண்ணும் வரலியா, ஒடம்புக்கு முடியலியோன்னு..." என்றேன்.

"காசு வரலன்னு வந்தீங்களா?"

"ஐயோ, இல்லக்கா."

அவர் ஷெட் பக்கம் கையைக் காட்டினார். "அவரப் பாத்தீங்களா?"

"பாத்தேன். துண்டு கட்டிகினு வேலை செய்றாரு."

"முப்பது வருசமா இந்தப் பஞ்சுலதான் நிக்கறாரு. ஒரு நாள் துண்டு கட்டினதில்ல. கட்டுங்க, இருமுறீங்களேன்னு நான்தான் கத்துவேன். இப்ப நாலு வாரமா கட்றாரு."

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவர் சொன்னார். கதை நகரிவரைக்கும் போயிருக்கிறது. மகளுக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். ஊர் மாறியிருந்தால் என்ன, தார் சுற்றிய பெண்ணுக்குத் தன் கதை தெரியாதா. அன்றைக்கே அவள் போன் செய்தாள். காது கேட்காது என்பதால் அப்பாவிடம் பேசும்போது எப்போதும் ஸ்பீக்கரில்தான், கத்தித்தான் பேசுவாள். அன்று அழுதுகொண்டே கத்தினாள். நைனா, அது நீதானே, அம்மாதானே உன் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு சொல்லியிருக்கிறாள், ஷெட்டில் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாயாமே என்று.

"அவரு போன வெச்சிட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. மறுநாள் காலைல துண்டு கட்டிகினு வந்தாரு."

நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கடைசில அவ தறிய நிறுத்திட்டு எனக்குத் தெரியும்னு சொல்றா மாதிரி வெச்சீங்களே டீச்சர். நான் அப்படி சொல்லவே இல்லியே. சொன்னா அவரு நிறுத்திடுவாருன்னுதான் எட்டு வருசம் வாய மூடிகினு இருந்தேன். அவரு மனசுல இருக்கறது எனக்குத் தெரிய வேற வழி கெடையாது. அந்த ஒரு ஜன்னல்தான். நீங்க அதச் சாத்திட்டீங்க."

"மன்னிச்சிடுங்கக்கா. உங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா வேணான்னு சொல்லி இருப்பேன். அது உங்களுக்கும் தெரியும். அதான் நீங்க கேக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. நூல் எங்கே அறுந்தது என்று காட்டுவதுபோலச் சொன்னார். அது உண்மை. பேருந்தில் ஏறும்போதே உண்மை. பேனாவை எடுத்தபோதே உண்மை.

எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அந்தக் கதைக்கு வந்த பணம் இருக்குதுக்கா. அது உங்களுதுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"அத மட்டும் செஞ்சிடாதீங்க." முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "அதக் கையில வாங்கினா நான் அவர வித்த மாதிரி ஆயிடும்."

கதையை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றேன். "ஆங், எடுங்க" என்றார். "கேட்டவங்க காதுலேர்ந்து எடுக்க முடியாது. இருந்தாலும் எடுங்க."

அப்போது கதவு திறந்தது. அவர் கணவர். துண்டு கட்டிய வாயோடு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காது கேளாதவர்களின் பெரிய குரலில், "இன்னா, லோன் கம்பெனியா?" என்று மனைவியிடம் கேட்டார். அக்கா இல்லை என்று கையை ஆட்டி, தெரிந்தவர் என்று ஜாடை காட்டினார். "அப்ப டீ போட்டுக் குடு, வெறுந்தண்ணி குடுத்து அனுப்பாத" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த டீயைக் குடிக்காமல் வர எனக்குத் தைரியம் இல்லை. குடித்து முடிப்பதும் எளிதாக இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கதையை எடுத்தேன். அதற்குப் பதிலாக ஒரு நிமிடப் பதிவு போட்டேன். அது எனக்குச் சொந்தமான கதை இல்லை, சொன்னவரைக் கேட்காமல் எடுத்துச் சொல்லிவிட்டேன், தயவுசெய்து யாரிடமாவது இருந்தால் அழித்துவிடுங்கள் என்றேன்.

பலர் புரிந்துகொண்டார்கள். சிலர் கோபித்தார்கள். வெளிநாட்டிலிருந்து பெரிய தொகை அனுப்பியிருந்த ஒருவர், "நான் அந்தக் கதைக்காகத்தான் கொடுத்தேன். அதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது" என்று எழுதினார். அவர் பணத்தைத் திருப்பி அனுப்பினேன். திருப்பி அனுப்பும்போது அவரிடம் கோபம் வரவில்லை. நல்ல மனதோடு கொடுத்தவர்தான். எதற்காகக் கொடுத்தார் என்று அவரும் யோசித்திருக்கவில்லை, எதற்காக வாங்குகிறேன் என்று நானும் யோசித்திருக்கவில்லை. விலை வைத்து விற்றால் இதோ பொருள், இதோ பணம் என்று முடிந்துவிடும். முடிந்ததைக் கொடுங்கள் என்று கேட்பது அப்படி முடிவதில்லை. கொடுத்தவரும் எனக்குள் கொஞ்சம் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவரை அடுத்த முறையும் அழவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிடுகிறது.

என்னை அதிகம் கலங்கவைத்தது வேறொன்று. அந்த ஒரு நிமிட மன்னிப்புக்கும் பணம் வந்தது. உங்கள் நேர்மைக்கு என்று எழுதி அனுப்பினார்கள். கதையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அன்றைக்கே கணவரிடம் க்யூஆர் கோடை எடுக்கச் சொன்னேன். மைக்கைப் பற்றி அவரும் பேசவில்லை. மூன்று மாதம் கதை சொல்லவில்லை. சாயங்காலத்தில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன்.

நடந்ததை அம்மாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அவளாகவே கணவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள். "உங்க நைனாகிட்ட சபை ஜனங்க எல்லாத்தையும் வந்து சொல்லுவாங்க. யாரு வூட்ல இன்னா சண்டை, யாரு புள்ள எங்க ஓடிச்சி, எல்லாம் அவருக்குத் தெரியும். ஒண்ணக்கூட பிரசங்கத்துல எடுத்து சொன்னதில்ல."

"நல்லதுதானம்மா."

"இன்னா நல்லது. அதனாலதான் அவர் பிரசங்கம் சப்புன்னு இருக்கும். பாதிப்பேரு தூங்கிகினு இருப்பாங்க." மடித்த புடவையைத் தட்டி அடுக்கினாள். "ஆனா மறுவாரமும் வந்து சொல்லுவாங்க."

பிறகு மறுபடியும் ஆரம்பித்தேன். கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பது ஒரு காரணம். எனக்கு அது இல்லாமல் முடியவில்லை என்பது பெரிய காரணம். உயிரோடு இருப்பவர் ஒருவரைப் பற்றிய கதை என்றால் பதிவுக்கு முன் அவரிடம் போய்ச் சொல்லிக்காட்டுகிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். நிறைய வேண்டாம் வருகிறது. நல்ல கதைகள்தான் அதிகம் போகின்றன. க்யூஆர் கோடை மறுபடி வைத்தோம், ஆனால் கதைக்குக் கீழே இல்லை. தனிப் பக்கத்தில், மாதம் ஒருமுறை கொடுக்க விரும்புகிறவர்களுக்கு மட்டும். எந்தக் கதைக்காக யார் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாதபடி கணவர் பார்த்துக்கொள்கிறார். வருவது முன்பு வந்ததில் பாதிகூட இல்லை. டியூஷனை விடவில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று எங்கள் தெருவில் நடக்க இடமிருக்காது. காவடியோடு ஜனங்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். நாங்கள் வாசலில் ஒரு டிரம்மில் தண்ணீர் வைத்திருந்தோம். அப்போது அக்காவிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், மலைக்கு வந்து சாமி பாத்துட்டு எறங்கிட்டோம். அவரும் வந்துகீறாரு. உங்க வூட்டுக்கு வரணும்ன்றாரு. வரலாமா?"

வாங்கக்கா என்றேன்.

மஞ்சள் வேட்டியும் மழித்த தலையில் சந்தனமுமாக அக்காவின் கணவர் உள்ளே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் சுவரில் இருந்த ஏசு படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு தெருவெல்லாம் கேட்கும் குரலில், "நீதான் அந்தக் கதை டீச்சரா? அன்னிக்கி வூட்டுக்கு வந்தியே, லோன் கம்பெனின்னு நெனச்சிகினேன்" என்றார்.

"ஆமாங்க. நான்தான். பண்ணது தப்புங்க" என்று நானும் கத்தினேன். மன்னிப்பைக் கத்திக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் கையை ஆட்டினார். "கதைல நான் அழுதேன்னு சொன்னியாமே. பாப்பா சொன்னா. நான் எப்பம்மா அழுதேன்?"

"அது நானா சேத்ததுங்க."

"அதான பாத்தேன்." மனைவியைக் காட்டினார். "இவளுக்கும் எல்லாம் புரிஞ்சிடலம்மா. வாயப் பாத்து படிச்சாளாம். அதுல பாதி பாட்டு. பழைய பாட்டு. பாடிகினே தறி ஓட்டுவேன்."

அக்கா புடவை முனையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அது நிஜமா, தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எட்டு வருடம் பார்த்தவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை என்றுதான் அந்தச் சிரிப்பு சொன்னது.

அம்மா உள்ளேயிருந்து பாயசம் கொண்டுவந்தாள். அவளுக்கும் காது கொஞ்சம் மந்தம். இரண்டு பேரும் மழையைப் பற்றியும் நகரி ரயிலைப் பற்றியும் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். வாசலில் தண்ணீர் குடிக்க நின்றவர்கள் சண்டையோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

கிளம்பும்போது அவர் என்னைப் பார்த்து, "அந்தக் கதைய திரும்பப் போடாத" என்றார்.

"போட மாட்டேங்க."

"வேணும்னா எழுதிக்க. எங்க ஊரு பேரு போட்டுக்க, பரவால்ல. எழுதினா சத்தம் வராது. படிக்கறவன் அவன்பாட்டுக்கு படிச்சிட்டு போவான். பாட்டு பாடினேன்னும் எழுது."

அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதியதை இருவருக்கும் போன வாரம் போய்ப் படித்தும் காட்டினேன். அக்கா ஒரு வரியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

ஆடிக் கிருத்திகை அன்று அவர் கணவர் செருப்பைத் தேடிக்கொண்டு முன்னால் போக, நான் அக்காவோடு கேட் வரை நடந்தேன். மகள் வருகிறாளா என்று கேட்டேன்.

"மாசம் ஒரு வாட்டி வரா. போன்லயும் பேசறாரு. அவரு கத்தறது அந்தத் தெருவுக்கே கேக்குது."

ஷெட்டைப் பற்றிக் கேட்கலாமா என்று தயங்கினேன். அவரே சொன்னார்.

"நான் தறி மாத்திகினேன் டீச்சர். இப்ப அந்தப் பக்கம் கடைசி ரெண்டு தறி என்னுது. அவரு துண்டு இல்லாம நிக்கட்டும்னு அவருக்கு முதுகக் காட்டிகினுதான் நிக்கறேன். மொதல்ல கொஞ்ச நாளு கஷ்டமாத்தான் இருந்தது."

"பேசறாரா?"

"திரும்பிப் பாத்தாதான தெரியும்" என்று சொல்லிவிட்டு, காவடிக் கூட்டத்தில் முன்னே போய்விட்ட கணவரைப் பிடிக்க வேகமாக நடந்தார்.